எட்டு ஜிபி ஃபைல், எட்டு ஜிபி ரேம்: பைத்தானில் பெரிய தரவைக் கையாளுவது எப்படி?

எட்டு ஜிபி அளவுள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலை எட்டு ஜிபி ரேம் உள்ள கணினியில், அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகமான பாண்டாஸின் ‘ரீட்_சிஎஸ்வி’யிடம் அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் கணினி திணறும். பிறகு ‘மெமரிஎரர்’ வரும். லினக்ஸில் பல சமயம் அதுகூட வராது. ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல் திரையில் தோன்ற, நிரல் செத்துப்போயிருக்கும். ரேமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு அந்த எட்டு ஜிபியும் மெமரியில் இருக்கத் தேவையே இல்லை. ஒரு வரியைப் படித்த பிறகு அதிலிருந்து எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் உத்திகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு விற்பனை ஃபைலை வைத்துக்கொள்வோம். 10 கோடி வரிகள், வரிக்குச் சுமார் 80 பைட். ரசீது எண், நாள்-நேரம், கிளை, பொருள், அளவு, தொகை என ஆறு நெடுவரிசைகள்.

மெமரி எங்கே போகிறது?

பைத்தானில் ஒரு சின்ன முழு எண்கூட ஒரு முழு ஆப்ஜெக்ட். 64-பிட் சிபைத்தானில் (வழக்கமாக நாம் நிறுவும் பைத்தான்) அது 28 பைட் பிடிக்கும். லிஸ்டில் போட்டால் அதைச் சுட்டும் பாயின்டருக்கு இன்னொரு 8 பைட். ஆக 1 கோடி வெவ்வேறு எண்கள் உள்ள லிஸ்ட் ஏறக்குறைய 360 எம்பி. அதே எண்களை, எண் கணக்கு நூலகமான நம்பையின் அரேயில் 64-பிட் முழு எண்களாக வைத்தால் 80 எம்பி; 32-பிட் போதுமென்றால் 40 எம்பி.

உரை இன்னும் மோசம். பாண்டாஸில் பழைய ‘ஆப்ஜெக்ட்’ வகையில் ஒவ்வொரு உரையும் தனித்தனி பைத்தான் ஆப்ஜெக்ட். எழுத்துகள் போக, பைத்தான் பதிப்பைப் பொறுத்து 40 முதல் 50 பைட்வரை தலைச்சுமை உண்டு. பாயின்டரையும் சேர்த்தால் 19 எழுத்துள்ள நாள்-நேர உரை ஒன்றுக்குச் சுமார் 70 பைட் ஆகும். 10 கோடி வரிக்கு அந்த ஒரு நெடுவரிசை மட்டுமே 7 ஜிபி! அதையே ‘டேட்டைம்64’ ஆக மாற்றினால் வரிக்கு 8 பைட், மொத்தம் 0.8 ஜிபிதான்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். யுடிஎஃப்-8 ஃபைலில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தரப்படும் எண்) 3 பைட். மெமரிக்குள் வந்ததும் பைத்தானின் சாதாரண உரையில் அது 2 பைட் ஆகிறது. ஆனால் அந்த உரையில் ஒரே ஒரு எமோஜி இருந்தாலும் முழு உரையும் எழுத்துக்கு 4 பைட் கணக்குக்குத் தாவிவிடும். கருத்துரைகள், உரையாடல்கள் போன்ற தரவில் இதனால் மெமரிக் கணக்கு எதிர்பாராமல் எகிறும்.

முதலில் அளந்து பாருங்கள்

ஊகத்தில் இறங்க வேண்டாம். ‘என்ரோஸ்’ அளவுருவில் 1 லட்சம் என்று கொடுத்து அத்தனை வரிகளை மட்டும் படியுங்கள். கிடைத்த டேட்டாஃபிரேமில் (பாண்டாஸின் அட்டவணை) ‘மெமரி_யூசேஜ்’ அழைக்கும்போது ‘டீப்’ என்பதை உண்மை என்று வையுங்கள். இல்லாவிட்டால் உரைகளின் உண்மையான எடை கணக்கில் வராது, பாயின்டர்கள் மட்டுமே எண்ணப்படும். வந்த பைட்டுகளை 1 லட்சத்தால் வகுத்து, மொத்த வரிகளால் பெருக்கினால் தேவையான அளவு தெரிந்துவிடும்.

முதல் 1 லட்சம் வரிகள் மொத்த ஃபைலின் முகம் என்று நம்பிவிடாதீர்கள். நாள்வாரியாக அடுக்கிய ஃபைலில் பழைய வரிகளில் ரசீது எண் சிறிதாக இருக்கும். பின்னால் புதிய கிளைகள் வரும். காலியான கட்டங்கள் நடுவில்தான் தலைகாட்டும். நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள்.

அளந்து வந்த எண் வெறும் இருப்பு அளவு. வரிசைப்படுத்துதல், இணைத்தல், குழுவாக்குதல் எல்லாம் தற்காலிக நகல்களை உருவாக்கும். தரவின் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு ரேம் வேண்டும் என்பது பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னி 2017-இல் சொன்ன கைக்கணக்கு. திட்டமிட இன்றும் அது நல்ல எச்சரிக்கை. ஓட்டத்தின் உச்ச மெமரியைப் பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் ‘ரிசோர்ஸ்’ மாட்யூலின் ‘கெட்ரயூசேஜ்’ உதவும். அது தரும் ‘மேக்ஸ்ஆர்எஸ்எஸ்’ லினக்ஸில் கிலோபைட், மேக்கில் பைட். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஆயிரம் மடங்கு தவறாக வாசிப்பது வழக்கமான பிழை. எந்த வரி மெமரியைத் தின்கிறது என்று தேட, பைத்தானோடு வரும் ‘டிரேஸ்மாலக்’ போதும். நிரல் மெதுவாகும் என்பதால் சிறிய மாதிரியில் மட்டும் ஓட்டுங்கள்.

படிக்கும்போதே இளைக்க வையுங்கள்

முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு நெடுவரிசைகளை நீக்கினால் பயனில்லை. உச்சம் ஏற்கெனவே தொட்டாயிற்று. ‘யூஸ்கால்ஸ்’ அளவுருவில் தேவையானவற்றை மட்டும் சொல்லுங்கள். கிளைவாரி மொத்தம்தான் வேண்டுமென்றால் ரசீது எண் எதற்கு?

அடுத்து, நெடுவரிசையின் தரவு வகையைச் சொல்லும் ‘டிடைப்’. கிளைப் பெயர் போலத் திரும்பத் திரும்ப வரும் உரைக்கு ‘கேட்டகரி’. பெயர்கள் ஒரு முறை மட்டும் சேமிக்கப்பட்டு, வரிக்கு ஒரு குறியெண் மட்டும் மிஞ்சும். வெவ்வேறு மதிப்புகள் நூற்றுக்கு உள்ளே இருந்தால் வரிக்கு 1 பைட், சில ஆயிரங்கள் என்றால் 2 பைட். அளவு என்பதற்கு ‘இன்ட்16’ போதும்; அது -32,768 முதல் 32,767 வரை தாங்கும். கணக்கிட்டால் நாள்-நேரம் 8, கிளை 2, பொருள் 2, அளவு 2, தொகை 8, ஆக வரிக்கு 22 பைட். 10 கோடி வரிகள் 2.2 ஜிபியில் அடங்கிவிடுகின்றன.

வகை மாற்றத்தில்தான் சத்தமில்லாத பிழைகள் நுழைகின்றன, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காலிக் கட்டம் உள்ள நெடுவரிசைக்குச் சாதாரண முழு எண் வகையைச் சொன்னால் பாண்டாஸ் பிழை காட்டி நிற்கும். வகையே சொல்லாவிட்டால் தானாகவே ‘ஃப்ளோட்64’ ஆக்கிவிடும். இது அதைவிட ஆபத்து. ஃப்ளோட்64 முழு எண்களைத் துல்லியமாகத் தாங்குவது 9,007,199,254,740,992 வரைதான். அதற்கு மேற்பட்ட அடையாள எண்களில் கடைசி இலக்கம் மாறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. காலி வரக்கூடிய முழு எண்களுக்கு, பெரிய எழுத்தில் தொடங்கும் ‘இன்ட்32’, ‘இன்ட்64’ வகைகளைப் பயன்படுத்துங்கள். அவை காலியைத் தாங்கும்.

அடையாள எண் கணக்குப் போடுவதற்கான எண் அல்ல. ‘00417’ எண்ணாகப் படிக்கப்பட்டால் 417 ஆகிவிடும், பிறகு எந்த அட்டவணையோடும் பொருந்தாது. அதை உரையாகவே படியுங்கள்.

இடம் மிச்சம் என்று தொகையை ‘ஃப்ளோட்32’ ஆக்காதீர்கள். அதன் துல்லியம் சுமார் 7 இலக்கம். 1,67,77,216-க்கு மேல் எல்லா முழு எண்களையும்கூட அதால் குறிக்க முடியாது. இரண்டு தசம இடமுள்ள தொகையை 100-ஆல் பெருக்கி ‘இன்ட்64’ ஆக வைப்பதே நல்லது. அப்போதும் ஒரு குழி இருக்கிறது: 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் பைத்தானில் 1998.9999999999998 வரும்; நேராக முழு எண்ணாக்கினால் 1998. எனவே முதலில் ‘ரவுண்ட்’, பிறகுதான் முழு எண்.

சின்ன முழு எண் வகைகள் நிரம்பி வழிந்தால் நம்பை அரேக்கள் குரல் எழுப்பாது. ‘இன்ட்8’ அரேயில் உள்ள 100-ஐ இன்னொரு ‘இன்ட்8’ அரேயின் 100-உடன் கூட்டினால் விடை -56. சேமிக்கச் சிறிய வகை, பெருக்கல் கூட்டலுக்கு முன் பெரிய வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்-நேரத்தின் வடிவம் ஒரே மாதிரி என்றால் ‘டு_டேட்டைம்’ அழைப்பின் ‘ஃபார்மட்’ அளவுருவில் அதை எழுதிக் கொடுங்கள். வேகம் கூடும், 03-04 என்பது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்ற குழப்பமும் தீரும்.

துண்டு துண்டாகப் படித்தல்

இளைக்க வைத்தும் மெமரியில் அடங்கவில்லையா? ‘ரீட்_சிஎஸ்வி’க்கு, ஒரு தடவைக்கு எத்தனை வரி என்று சொல்லும் ‘சங்க்சைஸ்’ கொடுங்கள். 5 லட்சம் வரி நல்ல தொடக்கம். மிகச் சிறிய துண்டுகளில் ஒவ்வொரு துண்டுக்குமான செலவே வேலையைத் தின்றுவிடும். மிகப் பெரிய துண்டில் பழைய சிக்கல் திரும்பும்.

வேலை இப்படி நடக்கும். ஒவ்வொரு துண்டிலும் கிளைவாரியாகத் தொகையின் கூட்டலையும் வரி எண்ணிக்கையையும் எடுங்கள். அந்தச் சின்ன விடையை ஒரு லிஸ்டில் சேருங்கள். எல்லாத் துண்டுகளும் முடிந்ததும் ஒரே ஒரு முறை ‘கான்கேட்’ செய்து (ஒன்றாக இணைத்து), மறுபடி கிளைவாரியாகக் கூட்டுங்கள். சராசரி வேண்டுமானால் கடைசியில் கூட்டலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். துண்டுகளின் சராசரிகளைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு துண்டில் 2 விற்பனை, சராசரி 100. அடுத்ததில் 8 விற்பனை, சராசரி 50 என்றால் சராசரிகளின் சராசரி 75. உண்மையான விடை 60.

கூட்டல், எண்ணிக்கை, பெருமம், சிறுமம் ஆகியவை இப்படித் துண்டுகளிலிருந்து சேரும். இடைநிலை அளவான மீடியன் சேராது. ஆனால் மதிப்புகள் முழு எண்களாகவும் வெவ்வேறு மதிப்புகள் குறைவாகவும் இருந்தால், எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்று ‘கவுன்ட்டர்’ ஒன்றில் எண்ணிவைத்தால் அதிலிருந்தே மீடியனைத் துல்லியமாக எடுக்கலாம். திட்ட விலக்கத்துக்கு வர்க்கங்களின் கூட்டல் என்ற குறுக்குவழி பெரிய எண்களில் துல்லியத்தை இழக்கும். வெல்ஃபோர்ட் 1962-இல் வெளியிட்ட, ஒவ்வொரு மதிப்பாகப் புதுப்பிக்கும் முறை பாதுகாப்பானது.

வெவ்வேறான ரசீது எண்கள் எத்தனை? இது கடினமான கேள்வி, ஏனென்றால் பார்த்ததையெல்லாம் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. 10 கோடி உரைகளை ஒரு செட்டில் போட்டால் எட்டு ஜிபி தாங்காது. வழி: ஒவ்வொரு எண்ணையும் ஹேஷ் செய்து (உரையிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கணக்கிட்டு), 100-ஆல் வகுத்த மீதியைப் பார்த்து, 100 சின்ன ஃபைல்களில் பிரித்து எழுதுங்கள். ஒரே எண் எப்போதும் ஒரே ஃபைலுக்குத்தான் போகும். ஆகவே ஒவ்வொரு ஃபைலையும் தனியாகச் செட்டில் போட்டு எண்ணி, விடைகளைக் கூட்டினால் போதும். இதற்குப் பைத்தானின் ‘ஹேஷ்’ ஃபங்ஷனை நம்ப வேண்டாம். உரைகளுக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு மதிப்பு தரும். நடுவில் நின்று மீண்டும் தொடங்கினால் எல்லாம் குழம்பிவிடும். ‘ஸிலிப்’ மாட்யூலின் ‘சிஆர்சி32’ என்றும் மாறாது.

துண்டுகளின் எல்லையையும் மறக்காதீர்கள். முந்தைய வரியோடு ஒப்பிடும் கணக்கு என்றால், ஒவ்வொரு துண்டின் கடைசி வரியையும் அடுத்த துண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பாண்டாஸே வேண்டாத இடங்கள்

வடிகட்டி எழுதுவது, எண்ணுவது போன்ற வேலைகளுக்கு வெறும் பைத்தானே போதும். ஃபைலைத் திறந்து ‘ஃபார்’ லூப்பில் வரிவரியாகச் சுற்றினால் ஒரு நேரத்தில் மெமரியில் இருப்பது ஒரு வரியும் சிறிய இடைச்சேமிப்பும்தான். ‘ரீட்’, ‘ரீட்லைன்ஸ்’ இரண்டும் முழுவதையும் இழுத்துவிடும். ஜிஸிப்பால் சுருக்கிய ஃபைலையும் விரிக்காமல், ‘ஜிஸிப்’ மாட்யூல் வழியாக இதேபோல் படிக்கலாம்.

சிஎஸ்வியைக் காற்புள்ளியில் உடைக்காதீர்கள். மேற்கோளுக்குள் காற்புள்ளி வந்ததும் நெடுவரிசைகள் நகர்ந்துவிடும். ‘சிஎஸ்வி’ மாட்யூலைப் பயன்படுத்தி, ஃபைலைத் திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதைக் காலி உரையாக வையுங்கள். ஒரு புலம் 1,31,072 எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டது என்று பிழை வந்தால், வரம்பை உயர்த்துவதற்கு முன் அந்த வரியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எங்கோ மூடப்படாத மேற்கோள் குறி ஆயிரக்கணக்கான வரிகளை விழுங்கியிருக்கும்.

படிகளை ஜெனரேட்டர்களாக (கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்கள்) எழுதினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தரவு ஓடும், எங்கும் தேங்காது. ஜெனரேட்டர் ஒரு முறைதான் ஓடும். இரண்டாவது முறை சுற்றினால் பிழை வராது, காலியாகத்தான் வரும். அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது சிரமம். பெரிய 10 தொகைகள் வேண்டுமென்றால் 10 கோடியை வரிசைப்படுத்த வேண்டாம். ‘ஹீப்க்யூ’வின் ‘என்லார்ஜஸ்ட்’ பத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

ஜேசன் ஃபைல் ஒரே பெரிய அடைப்புக்குள் இருந்தால் ‘ஜேசன்.லோட்’ முழுவதையும் இழுக்கும். தரவு தருபவரிடம் வரிக்கு ஒரு ஜேசன் என்ற வடிவத்தைக் கேளுங்கள். முடியாதபோது ‘ஐஜேசன்’ நூலகம் பகுதி பகுதியாகப் படிக்கும்.

மெதுவாக ஓடுகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது லிஸ்டில் ‘இன்’ தேடல். 10 லட்சம் உறுப்புள்ள லிஸ்டில் 10 கோடி முறை தேடினால், இல்லாதவற்றுக்கு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ஒப்பீடுகள். மொத்தம் 100 லட்சம் கோடி. லூப்புக்கு முன் அதை ஒரு முறை செட்டாக மாற்றுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, லூப்புக்குள் ‘கான்கேட்’. ஒவ்வொரு முறையும் முன்னால் சேர்ந்த எல்லாம் மறுபடி நகலாகும். 200 துண்டுகளுக்கு 20,100 துண்டுகள் நகலெடுக்கப்படும். லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் ஒரு முறை இணையுங்கள்.

மூன்றாவது ‘இட்டர்ரோஸ்’. அது வரிக்கு ஒரு சீரிஸ் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. முழு நெடுவரிசைக்கும் ஒரே கணக்காக எழுதுங்கள். நிபந்தனைக்கு நம்பையின் ‘வேர்’, மதிப்பு மாற்றத்துக்கு ‘மேப்’. வரிவரியாகப் போயே ஆகவேண்டுமென்றால் ‘இட்டர்டப்பிள்ஸ்’.

மெமரி திடீரென வெடித்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். இரண்டு ‘கேட்டகரி’ நெடுவரிசைகளில் குழுவாக்கும்போது, ‘அப்சர்வ்டு’ பொய் என்று இருந்தால் நிகழாத சேர்க்கைகளுக்கும் வரி உருவாகும். 500 கிளை, 20,000 பொருள் என்றால் 1 கோடி வரி. அதை உண்மை என்று வையுங்கள். மற்றொன்று, இரு அட்டவணைகளைச் சாவி நெடுவரிசையால் இணைக்கும் ‘மெர்ஜ்’. இரு பக்கமும் ஒரே சாவி ஆயிரம் முறை இருந்தால் அந்தச் சாவிக்கு மட்டும் 10 லட்சம் வரிகள். பாண்டாஸ் காலிச் சாவிகளையும் ஒன்றோடொன்று பொருத்தும், தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல் அப்படிச் செய்யாது. காலிகளை முன்பே நீக்கிவிட்டு, ‘வேலிடேட்’ அளவுருவில் ‘மெனி_டு_ஒன்’ என்று கொடுங்கள். எதிர்பாராத இரட்டைகள் இருந்தால் உடனே பிழை காட்டும்.

சிஎஸ்வியை ஒரு முறை மட்டும் படியுங்கள்

அதே தரவைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே பார்க்கே வடிவத்துக்கு மாற்றுங்கள். அது நெடுவரிசைவாரியாகச் சேமிப்பதால், இரண்டு நெடுவரிசை வேண்டுமென்றால் அந்த இரண்டை மட்டும் டிஸ்கிலிருந்து படிக்கும். வகைகளும் ஃபைலிலேயே இருக்கும். பைஆரோ நூலகத்தின் ‘பார்க்கேரைட்டர்’ மூலம் துண்டுதுண்டாக எழுதலாம். ஸ்கீமாவை (நெடுவரிசைகளின் பெயரும் வகையும்) நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லையெனில் ஒரு துண்டில் முழுக்கக் காலியாக வரும் நெடுவரிசை வேறு வகையாகக் கணிக்கப்பட்டு, எழுதுவது பாதியில் நிற்கும். வரித்தொகுதி ஒவ்வொன்றிலும் சிறும, பெரும மதிப்புகள் பதிவாவதால், நாள்வாரியாக அடுக்கி எழுதினால் ஒரு மாதத்தைக் கேட்கும்போது மற்ற தொகுதிகள் தொடப்படாமலே தாண்டப்படும்.

அதன்மேல், நிரலுக்குள்ளேயே ஓடும் தரவுத்தளமான டக்டிபியில் எஸ்க்யூஎல் எழுதினால் பல வேலைகள் ஒற்றை வினவலில் முடியும். அது மெமரி போதாதபோது டிஸ்கில் இறக்கிவைத்து வேலை செய்யக் கூடியது. பாண்டாஸைப் போன்ற இன்னொரு நூலகமான போலார்ஸில் ‘ரீட்’ அல்ல, ‘ஸ்கேன்’ எனத் தொடங்குபவற்றைப் பயன்படுத்தினால், கடைசி ‘கலெக்ட்’ வரை எதையும் படிக்காமல், தேவையானதை மட்டும் படிக்கத் திட்டமிடும். சிஎஸ்வியின் வகையை அது முதல் 100 வரிகளிலிருந்துதான் கணிக்கும். பின்னால் தசம எண் வந்தால் பிழை எழும், ஆகவே இங்கும் வகைகளைச் சொல்லிவிடுங்கள். என் கணிப்பில், புதிதாகத் தொடங்குபவர் பாண்டாஸின் துண்டு முறையோடு வெகுநேரம் போராடுவதைவிட இந்த இரண்டில் ஒன்றைக் கற்பது லாபம்.

ஒற்றை ஒற்றை வரியாகத் தேடி எடுப்பதும் திருத்துவதும்தான் வேலை என்றால், ஒற்றை ஃபைலில் இருக்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் பொருந்தும். வரிக்கு ஒரு ‘கமிட்’ (மாற்றத்தை உறுதிசெய்தல்) செய்தால் ஒவ்வொன்றும் டிஸ்குக்காகக் காத்திருக்கும். ‘எக்ஸிக்யூட்மெனி’யில் 50,000 வரிகளாகக் கொடுத்து, ஒரே பரிவர்த்தனையில் முடியுங்கள். இண்டெக்ஸைத் தரவு ஏற்றிய பிறகு உருவாக்குங்கள்.

பல கோர்களைப் பயன்படுத்தும்போது

வழக்கமான சிபைத்தானில் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) இருப்பதால், கணக்குப் போடும் பைத்தான் குறியீட்டை த்ரெட்கள் வேகப்படுத்தாது. நெட்வொர்க் காத்திருப்புக்குத்தான் அவை. கணக்குக்கு, பல ப்ராசஸ்களை ஓட்டும் ‘மல்ட்டிப்ராசஸிங்’. அதில் டேட்டாஃபிரேமை அனுப்பினால் அது பிக்கிள் ஆகி (பைட் வரிசையாக மாறி), நகலாகி, மறுபடி விரியும். ஃபைலின் பெயரை மட்டும் அனுப்புங்கள். பணியாள் ப்ராசஸ் தானே படித்துச் சின்ன விடையைத் திருப்பட்டும். ஒரு ப்ராசஸுக்கு 1.5 ஜிபி வேண்டுமென்றால் எட்டு கோர் இருந்தாலும் எட்டு ஜிபியில் நான்குக்கு மேல் ஓட்டாதீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் நிரலின் தொடக்கத்தை ‘மெயின்’ காவலுக்குள் (நிரலை நேராக ஓட்டினால் மட்டும் இயங்கும் ‘இஃப்’ பகுதி) வைக்காவிட்டால், ஒவ்வொரு பணியாளும் அதே நிரலை மறுபடி தொடங்கப் பார்க்கும்.

பாதியில் நின்றால்?

மணிக்கணக்கில் ஓடும் வேலையின் விடையைத் துண்டுவாரியாக டிஸ்கில் எழுதி வையுங்கள். நேராக இறுதிப் பெயரில் எழுத வேண்டாம். தற்காலிகப் பெயரில் எழுதி மூடிய பிறகு ‘ஓஎஸ்.ரீப்ளேஸ்’ கொண்டு பெயர் மாற்றுங்கள். இரண்டும் ஒரே டிஸ்க் பிரிவில் (பார்ட்டிஷன்) இருக்க வேண்டும். அப்போது அந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறது என்றாலே அந்தத் துண்டு முடிந்தது என்று பொருள். மறுபடி ஓட்டும்போது இருப்பதைத் தாண்டிப் போகலாம்.

முடிந்ததும் மூலத்தின் வரி எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டலையும் விடையோடு ஒப்பிடுங்கள். மூலத்தைப் பாண்டாஸ் இல்லாமல், ‘சிஎஸ்வி’ மாட்யூலால் தனியாக எண்ணுவது நல்லது. ஒரே கருவியின் பிழை இரு பக்கமும் ஒளிந்துகொள்ளாது. எண்கள் பொருந்தவில்லை என்றால் முதலில் இரண்டைச் சந்தேகியுங்கள். ‘ஆன்_பேட்_லைன்ஸ்’ என்பதில் ‘ஸ்கிப்’ கொடுத்திருந்தால் கெட்ட வரிகள் சொல்லாமல் விடப்பட்டிருக்கும். இரண்டாவது, குழுவாக்கும் ‘குரூப்பை’. சாவி காலியாக உள்ள வரிகளை அது இயல்பாகவே விட்டுவிடும். ‘டிராப்என்ஏ’வைப் பொய் என்று வைத்து ஓட்டினால், பெயரில்லாத அந்தக் குழு எத்தனை வரிகளை வைத்திருந்தது என்பது விடையிலேயே தெரியும்.